இடைவேளையில் ஊதிய விசில்

வார நாட்களில் நான் ஒரு பம்ப்செட் கம்பெனியின் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறுகளில் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு நடுவராகப் போகிறேன். கல்லூரியில் ஆடியவள். ஆட்டம் நின்ற பிறகும் மைதானத்தை விட்டுப் போக மனம் வராமல் நடுவர் தேர்வு எழுதித் தேறினேன். பெண்கள் ஆட்டத்துக்கு ஊதும் பெண் நடுவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். பையன்கள் ஆட்டத்துக்கும் ஊதுகிறவர்கள் குறைவு. நான் ஊதுவேன்.

பையன்கள் ஆட்டத்தில் விசிலோடு ஓடும் பெண்ணுக்கு என்னென்ன காதில் விழும் என்பதைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. ஃபவுல் கொடுத்தால், "ஊட்டுக்காரர்கூடச் சண்டையாட்டம் இருக்குதுடா" என்பார்கள். கொடுக்காவிட்டால், "கண்ணாடி போடுங்க அக்கா" என்பார்கள். கொஞ்சம் குண்டாக இருக்கிறேன் என்பதால் ஓடும்போது வேறு மாதிரியும் சொல்வார்கள். அதற்கெல்லாம் விதிப் புத்தகத்தில் தண்டனை உண்டு. கொடுத்துவிட்டு அடுத்த ஆட்டத்தைப் பார்ப்பேன். இப்போது எழுதுவது அதைப் பற்றியல்ல. விதிப் புத்தகத்தில் தேடி எடுக்க வேண்டியிருந்த ஒன்றைப் பற்றி.

மே மாத விடுமுறையில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு போட்டி. பையன்கள், பெண்கள் இரண்டு பிரிவும் ஒரே மைதானத்தில் நடந்தது. பையன்கள் அரையிறுதிக்கு நானும் இன்னொரு நடுவரும். அவர் என்னைவிட வயதில் சின்னவர், ஆண், நல்ல வேகம். ஆடிய இரண்டு அணிகளில் ஒன்று நகரத்துத் தனியார் பள்ளி ஒன்றின் அணி. அதன் கேப்டன் உயரமான பையன், பந்து கையில் ஒட்டிக்கொண்ட மாதிரி ஆடுவான். அவனை மாநில அணிக்கு எடுப்பார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அணியின் கோச்சை எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே தெரியும். அவரும் அப்போது இதே மைதானங்களில் ஆடியவர். நல்ல மனிதர் என்று அன்றைக்குக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன், இன்றைக்கும் சொல்வேன். அதுதான் இதில் இருக்கிற வயிற்றெரிச்சல்.

இடைவேளை. நான் ஸ்கோர் மேஜைப் பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேப்டன் தன் பெஞ்சில் உட்காராமல் கோட்டைத் தாண்டிப் பார்வையாளர் படிக்கட்டுக்குப் போனான். அங்கே ஒரு பெண் ஜெர்சி, ஷார்ட்ஸோடு உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். அதே பள்ளியின் பெண்கள் அணியில் ஆடுகிறவள். இவர்கள் ஆட்டம் முடிந்ததும் அவர்கள் ஆட்டம். அவன் அவள் மடியிலிருந்த போனை எடுத்தான். கேட்டு எடுக்கவில்லை. அவள் கையை நீட்டினாள், அவன் போனை உயரத் தூக்கிக்கொண்டான். பிறகு குனிந்து ஏதோ சொன்னான். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து, விரலை இழுத்துப் போன்மேல் வைத்தான். போன் திறந்தது. நின்றபடியே ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் படித்தான். பிறகு அவள் தொடையைப் பார்த்து ஏதோ சொல்லி, தன் தோளில் கிடந்த டவலை அவள் மடியில் போட்டான். அவள் அதை விரித்து மூடிக்கொண்டாள்.

இவ்வளவும் அத்தனை பேர் பார்க்க நடந்தது. படிக்கட்டில் பெற்றோர்கள் இருந்தார்கள். பக்கத்தில் அவள் அணித் தோழிகள் இருந்தார்கள். அவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தேன். இது புதிதில்லை என்று அந்தத் திருப்பலிலேயே தெரிந்தது. அவள் முகத்தையும் பார்த்தேன். அழவில்லை. பரீட்சைத் தாளைத் திருத்தும்போது வாத்தியார் மேஜைக்குப் பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது அது.

நான் விசிலை ஊதினேன். இடைவேளையில் விசில் கேட்டால் எல்லோரும் திரும்பத்தானே செய்வார்கள். மைதானமே திரும்பியது. நேராகப் போய் அவன் முன்னால் நின்று, இரண்டு கையாலும் 'டி' காட்டினேன். டெக்னிக்கல் ஃபவுல். ஆட்டத்தின் ஒழுங்கைக் கெடுக்கிற நடத்தைக்குக் கொடுப்பது.

"எதுக்குங் மேடம்?" என்றான். நிஜமாகவே புரியாத முகம்.

"அந்தப் பொண்ணோட போனைத் திருப்பிக் குடு. தள்ளி நில்லு."

"அவ என்ற ஆளுங்க மேடம். உங்களுக்கென்ன?"

என்ற ஆளு. என் பை, என் வண்டி, என் ஆளு. அவள் பெயரைக்கூட அவன் சொல்லவில்லை.

கோச் ஓடி வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார், அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. "ஏனுங்க, சின்னப் பசங்கங்க. லவ் பண்றானுக, சண்டை போடறானுக. இதுக்கெல்லாம் போய் டெக்னிக்கலுங்களா?"

"கையைப் பிடிச்சு இழுத்து போனைத் திறக்கறான். நீங்க பாக்கலையா?"

"பாத்தனுங்க. ஆனா இது ஆட்டத்துக்குள்ள வராதுங்களே."

என்னோடு ஊதிய நடுவர் என் காதருகே வந்து, "எதுக்குங் மேடம் வம்பு? கேன்சல் பண்ணிடலாம்" என்றார். போட்டிக் குழுச் செயலாளர் வந்தார். அறுபதைத் தாண்டியவர், எல்லோரையும் கண்ணு என்று கூப்பிடுவார். "கண்ணு, எந்த ரூலுங் கண்ணு இது?" என்றார். நடுவரின் அதிகாரம் இடைவேளையிலும் உண்டு என்று சொன்னேன். அது எதிரணியோடு, நடுவரோடு தகராறு செய்தால் என்றார். மைதானத்தில் இருக்கிற ஆட்டக்காரி ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்தால் அதில் சேராதா என்றேன். "அவ இந்த ஆட்டத்துல இல்லையே கண்ணு" என்றார்.

எவ்வளவு மென்மையாகச் சொன்னார்கள் எல்லோரும். எங்கள் ஊரில் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டு, தேன் தடவி, நடந்ததை இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். நான்தான் கத்தினேன். ஆகவே நான்தான் மரியாதை தெரியாதவள் ஆனேன்.

ஃபவுலை நீக்கினார்கள். அப்படியானால் நான் ஊதமாட்டேன் என்று விசிலைக் கழற்றி மேஜையில் வைத்தேன். இன்னொருவரை ஊத வைத்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அந்தப் பையன் அணி ஜெயித்தது. அவன் கடைசிப் பந்தைப் போட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினான், கூட்டம் கைதட்டியது. அடுத்த ஆட்டத்தில் அந்தப் பெண் ஆடினாள். பந்து வந்த ஒவ்வொரு முறையும் யாராவது படிக்கட்டிலிருந்து "டவல்! டவல்!" என்று கத்தினார்கள். இரண்டாவது கால்பகுதியில் அவளாகவே வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது எந்த ரூல்ல வருது?" என்றார். அன்று இரவுச் சாப்பாட்டை அவரே போட்டுக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். யாரோ ஒருவன் நான் கத்தியதைப் போனில் படமெடுத்திருந்தான். என் முகம், அந்தப் பையன் முகம், நடுவில் மடியில் டவலோடு அந்தப் பெண். மறுநாள் காலையில் எங்கள் நடுவர்கள் வாட்ஸ்அப் குரூப்பிலேயே அது வந்தது. 'லவ் ஃபவுல்' என்று தலைப்பு, அழுதுகொண்டே சிரிக்கிற பொம்மைகள். நான் திட்டி எழுதினேன். போட்டவர் நீக்கிவிட்டு, "ஜோக்குக்குத்தான் போட்டேனுங்க" என்றார். அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. ஒரு வாரத்தில், அந்தப் பெண் பயிற்சிக்கு வருவதில்லை என்று அவள் அணியில் ஆடும் ஒரு பெண் என்னிடம் சொன்னாள். வீட்டில் நிறுத்திவிட்டார்களாம். போனையும் வாங்கிக்கொண்டார்களாம்.

போனைப் பிடுங்கியவன் ஆடிக்கொண்டிருந்தான். பிடுங்கப்பட்டவளிடமிருந்து மறுபடியும் பிடுங்கியிருந்தார்கள்.

பள்ளி திறந்த சமயம் கோச் எனக்குப் போன் செய்தார். நான் ஆபீசில் வால்வு சப்ளையர் ஒருவரோடு தகராறில் இருந்தேன், ஏற்கெனவே சூடு.

"மேடம், நல்லா இருக்கீங்களா? ஸ்கூல்ல ஒரு கிளாஸ் எடுக்கச் சொல்றாங்க. பசங்களுக்கு, பொண்ணுகளோட எப்படிப் பழகோணும்னு. அந்த வீடியோவால பேரண்ட்ஸ் சிலர் கேட்டாங்களாம். நீங்க வந்து பேசினா நல்லா இருக்குமுங்க."

"நான் எதுக்கு?"

"நீங்க லேடீஸ் இல்லீங்களா. உங்களுக்குத்தான் சொல்லத் தெரியும்."

எழுந்து வராண்டாவுக்குப் போய்விட்டேன். அப்படிப் போகாவிட்டால் ஆபீஸ் முழுக்கக் கேட்டிருக்கும். "சார், அவனுகளுக்கு எப்படி ஓடணும்னு சொல்லித்தர்றது யாரு? எப்படிச் சாப்பிடணும், எப்பத் தூங்கணும், முடி எவ்வளவு வெட்டணும்னு சொல்றது யாரு? நீங்கதான? அவங்கப்பா சொன்னாக் கேக்காதவன் நீங்க சொன்னாக் கேக்கறான். இதை மட்டும் நான் வந்து சொல்லணுமா? அவமானப்படறதும் நாங்க, அதுக்கு அப்பறம் வந்து கிளாஸ் எடுக்கறதும் நாங்களா? ஃபவுலைப் பிடிக்கறது என்ற வேலை. ஃபவுல் பண்ணாம ஆடச் சொல்லித்தர்றது உங்க வேலை. நான் என்ற வேலையைப் பண்ணினேன். அதை நீங்க அழிச்சீங்க."

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர், "எனக்கு அதெல்லாம் பேசி வழக்கமில்லீங்களே" என்றார்.

"பேசிப் பழகுங்க."

"சரிங்க. நானே பேசறேன். நீங்க சும்மா வந்து உக்காந்து பாருங்க. தப்பாப் போனாச் சொல்லுங்க."

போகவே கூடாது என்றுதான் இருந்தேன். சனிக்கிழமை காலை ஸ்கூட்டியை எடுத்தபோதும் மார்க்கெட்டுக்கு என்றுதான் கிளம்பினேன். வண்டி மைதானத்துக்குப் போய் நின்றது.

பயிற்சி முடிந்து பையன்கள் கம்பத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். வேர்வையும் வாழைப்பழமுமாக மணம். கேப்டனும் இருந்தான், கடைசி வரிசையில், காலை நீட்டிக்கொண்டு. பயிற்சி முழுக்க அடிவயிற்றிலிருந்து கத்துகிற மனிதர் கோச். அன்று பாதிப் பேருக்குக் கேட்காத குரலில் பேசினார். "பெண்கள் நம்ம நாட்டின் கண்கள்" என்று ஆரம்பித்தார். ஒருவன் பழத்தோலை இன்னொருவன் முதுகில் வைத்தான். பிறகு கூடைப்பந்துக்குப் போனார். ஆடும்போது எதிராளிமேல் கை படக்கூடாது, அதே மாதிரிதான் என்றார். அப்படியென்றால் பந்து எது என்று ஒருவன் கேட்டான், எல்லோரும் சிரித்தார்கள். அவர் வியர்த்தார். கடைசியாக, நான் பயந்துகொண்டிருந்த இடத்துக்கே வந்தார்.

"எந்தப் பொண்ணையும் நம்ம கூடப்பொறந்த தங்கச்சியா நெனைச்சுக்கோணும்டா."

வாயைத் திறக்கக் கூடாது என்று வந்தவள் நான். திறந்துவிட்டேன். "தங்கச்சி போனைப் பாக்கறவங்க கையைத் தூக்குங்க."

பாதிப் பேருக்குமேல் தூக்கினார்கள். ஒளிவுமறைவே இல்லை. ஒருவன் பெருமையாகவே சொன்னான்: "நான் டெய்லி பாப்பேனுங் மேடம். எவனாச்சும் மெசேஜ் பண்றானான்னு."

நான் கோச்சைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

அதற்குள் கேப்டன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். "சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? லவ் பண்ற பொண்ணு போனைக் காட்ட மாட்டேன்னா, எதையோ ஒளிக்கறான்னுதான அர்த்தம்?" கோச் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே, முன்வரிசையில் இருந்த ஒரு ஒல்லிப் பையன், பந்தை முன்னே கொண்டுபோகிற இடத்தில் ஆடுகிறவன், கையைத் தூக்கினான். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டித்தான் கேட்டான்.

"சார், நாங்க ரீபவுண்டுக்கு எகிறிப் பந்தை எடுக்கலைன்னா, 'பொட்டச்சிகளா, போய் வளையல் போட்டுக்கங்கடா'ன்னு சொல்லுவீங்கல்ல. அது எதுல சேத்திங் சார்?"

கோச்சின் முகம் கறுத்தது. "எந்திரிங்கடா எல்லாம். ரவுண்டு ஓடுங்க" என்று கத்தினார். கத்தும்போது குரல் நன்றாகவே வந்தது. பையன்கள் எழுந்து ஓடினார்கள். இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேனா? கேள்வி கேட்டால் ஓடவைப்பது. நாம் எல்லோரும் படித்த பாடம்.

அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "எங்களை எங்க கோச்சு இதைவிட மோசமாத் திட்டுவாருங்க. ஒண்ணும் தப்பாத் தெரியலை அப்ப."

"இருக்கட்டுங்க. இவனுகளுக்கு நீங்கதான கோச்சு."

பையன்கள் தூரத்து வளைவில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கோச் திடீரென்று விசிலடித்து எல்லோரையும் கூப்பிட்டார். மூச்சிரைக்க வந்து நின்றார்கள். "அவன் கேட்டது சரிதான்டா" என்றார், ஒல்லிப் பையனைக் காட்டி. "நான் அப்படிக் கத்தறது தப்பு. இனிமே அந்த வார்த்தை என்ற வாயில வந்தா, பந்து யார் கையில இருக்குதோ அவன் அங்கயே பிடிச்சுட்டு நில்லு. யாரும் ஆட வேண்டாம்." பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். விளையாட்டா, நிஜமா என்று தெரியாத பார்வை.

பிறகு கேப்டனைக் கூப்பிட்டார். "உன்ற போனைக் குடு."

அவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

"லாக்கை எடு."

"எதுக்குங் சார்?"

"சும்மா பாக்கறக்கு. உன்மேல எனக்குப் பாசம் ஜாஸ்தி. நீ எதையாச்சும் ஒளிக்கறயான்னு பாக்கோணும்ல."

பையன்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கோச் அவன் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை, கையை நீட்டிக் காத்திருந்தார், அவ்வளவுதான். அவன் விரல் வைத்துத் திறந்து கொடுத்தான். கோச் அந்த வெளிச்சத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமல் அவனையே பார்த்தார். "படிக்கட்டுமா? சத்தமாப் படிக்கட்டுமா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி?"

"வேண்டாங் சார்." குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"ஏன், தப்பு ஏதாச்சும் இருக்குதா?"

"தப்பெல்லாம் இல்லீங் சார். வேண்டாங்."

கோச் போனை அணைத்துத் திருப்பிக் கொடுத்தார். "தப்பு ஒண்ணும் இல்லாமயே வேண்டாங்கிற. அவளும் அதைத்தான சொல்லியிருப்பா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு அது முழுதாகப் பிடிக்கவில்லை. ஒரு பையனைக் கூட்டத்தில் நிறுத்திக் கூசவைப்பது என்ன பாடம் என்று ஒரு பக்கம் தோன்றியது. ஆனால் இன்னொரு பக்கம், பொய் சொல்வானேன், மனசு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியும் நிலைக்கவில்லை. கூட்டம் கலையும்போது எல்லோரும் சேர்ந்து கட்டைவிரலைத் தூக்கி ஒரு செல்ஃபி எடுத்தார்கள். பள்ளியின் இணையப் பக்கத்தில் போடவாம். கோச் முகம் மலர்ந்து என்னிடம் வந்தார். "எப்படிங்க இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க. அந்தப் பொண்ணு எங்க?"

"எந்தப் பொண்ணு?" என்று கேட்டுவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இதுதான். பையன்களைத் திருத்துவதில் எல்லோருக்கும் ஒரு சந்தோஷம் வந்துவிடுகிறது. பையன் தவறு செய்தான், பையன் உணர்ந்தான், பையன் நல்லவனானான், போட்டோ எடுத்துக்கொண்டோம். யார்மேல் அந்தத் தவறு நடந்ததோ அவள் இந்தக் கதையில் எங்கேயும் இல்லை. அவள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். நான் அவரிடம் சொன்னேன்: "கிளாஸ் எடுத்தாச்சு. இனி அவளை மைதானத்துக்குக் கூட்டிட்டு வர்ற வழியைப் பாருங்க. அவங்க ஊட்டுக்குப் போங்க."

"நான் மட்டும் போனா நல்லா இருக்குங்களா?" என்றார். அது நியாயம்தான் என்று மறுநாள் நானும் போனேன்.

தொண்டாமுத்தூருக்கு அப்பால், மலையடிவாரத்தில் தென்னந்தோப்புக்குள் வீடு. அவள் அப்பா சொட்டுநீர்க் குழாயை ஒட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் யானை வந்து குழாயையும் இரண்டு தென்னங்கன்றையும் மிதித்துவிட்டுப் போயிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, உக்காருங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். காபி வரும்வரை மழையைப் பற்றித்தான் பேசினார். காபி குடித்து முடித்ததும் கோச் விஷயத்துக்கு வந்தார். பையன்களுக்கு வகுப்பு எடுத்தது, பையன் வருந்தியது, பெண்ணைத் திரும்ப அனுப்ப வேண்டும் என்பது.

அவர் பொறுமையாகக் கேட்டார். "ஏனுங்க, அந்தப் பையனை ஆட்டத்துல இருந்து நிறுத்துனீங்களா?"

"கிளாஸ் எடுத்தமுங்க..."

"கிளாசு அவனுக்கு. ஊட்டுல உக்காந்துட்டு இருக்கறது என்ற பொண்ணுங்களா?"

எனக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலவும் இருந்தது, உலுக்கலாம் போலவும் இருந்தது. "அவளை ஊட்டுல உக்கார வெச்சது நீங்கதானுங்க" என்றேன்.

"நானேதானுங்க. ஒறம்பரைச் சொந்தத்துல ஒரு கல்யாணத்துக்குப் போனா, பந்தியில உக்காந்துட்டு அந்த வீடியோவைப் பாத்துச் சிரிக்கறானுக. நான் பக்கத்துல உக்காந்து சாப்பிடறேன். என்ன பண்ணச் சொல்றீங்க?" குரல் உயரவில்லை. அந்தப் பந்தியில் தன் இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். "மொதல்ல அவனை உக்கார வைங்க. அப்பறம் இவளை அனுப்பறதைப் பத்திப் பேசலாம்."

அந்தப் பெண் கிணற்று மேட்டுப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அம்மா தலையசைக்க, நான் அங்கே போனேன். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லத்தான் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நீங்க எதுக்குங் மேடம் அன்னைக்கு ஊதுனீங்க?"

"அவன் பண்ணினது தப்பு கண்ணு."

"தப்புன்னு எனக்குத் தெரியாதுங்களா?" கையிலிருந்த துணியை உதறினாள், என்னை உதறிய மாதிரி இருந்தது. "டோர்னமென்ட் முடிஞ்சதும் அவனை விட்டுரலாம்னு இருந்தேன். அதுவரைக்கும் சண்டை வேண்டாம்னு சும்மா இருந்தேன். ஒருத்தருக்கும் தெரியாம முடிஞ்சிருக்கும். நீங்க ஊதுனதுல ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. அவன் என்கிட்டக் கேக்காம போனை எடுத்தான். நீங்களும் என்கிட்டக் கேக்கலை. எல்லாருமே எனக்காகத்தான் பண்றீங்க."

ஊதியது தவறு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. நாளைக்கு அப்படி நடந்தாலும் ஊதுவேன். ஆனால் முதலில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்னம்மா, நான் வரட்டுமா?" என்று கேட்டிருக்கலாம். அவனை நோக்கித்தான் நேராக நடந்தேன். அவளைத் தாண்டித்தான் நடந்தேன். இதற்கும் கோபம்தான் வருகிறது. அப்படி ரகசியமாகக் கணக்குப் போட்டு, சத்தமில்லாமல் தப்பித்துக்கொள்ள வேண்டிய நிலையில் பதினாறு வயதுப் பெண்ணை வைத்திருக்கிறோமே, அதற்கு.

"ஆடணும்னு இருக்குதா உனக்கு?" என்று கேட்டேன்.

"அந்த கிரவுண்டு வேண்டாம். 'டவல்'னு கத்துனவனுக எல்லாம் அங்கதான் இருக்கானுக. வேற கிரவுண்டு பாத்துக் குடுங்க. அப்பாகிட்ட நானே பேசறேன்."

அந்த மாதமே கோச் கேப்டனை உட்கார வைத்தார். நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த போட்டிக்கான அணியில் அவன் பெயர் இல்லை. பள்ளித் தாளாளர் அழைத்துக் கத்தினாராம், பையனின் அப்பா காரில் வந்து இறங்கிக் கேட்டாராம். முதல் சுற்றிலேயே தோற்றார்கள். அவர் அசையவில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும், அவரைத் திட்டிய அதே வாயால். பயிற்சியில் ஒருமுறை பழைய வார்த்தை வாயில் வந்துவிட்டதாம், பந்து வைத்திருந்த ஒல்லிப் பையன் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றானாம். "எரிச்சலா வந்துச்சுங்க" என்றார் என்னிடம். "ஆனா நானே சொன்ன ரூலுங்களே."

அந்தப் பெண் நகரத்தின் மறுபக்கத்தில், பெண் கோச் ஒருவரிடம் சேர்ந்தாள். தொண்டாமுத்தூரிலிருந்து பஸ் ஏறி, காந்திபுரத்தில் இறங்கி, இன்னொரு டவுன் பஸ் பிடிக்க வேண்டும். இரண்டு பஸ்ஸும் எப்போதும் நெரிசல். அவள் வகுப்பறையிலிருந்து ஐந்து நிமிட நடையில் பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது. அவன் அங்கே ஆடுகிறான். அவள் பஸ் ஏறுகிறாள். இதை நியாயம் என்று யாராவது என்னிடம் சொல்ல வேண்டாம்.

ஆறேழு மாதம் கழித்து ஈரோட்டில் ஒரு போட்டி. அந்தப் பள்ளி அணியும் வந்திருந்தது, கேப்டன் பதவி போயிருந்தாலும் அவன் மறுபடி ஆடிக்கொண்டிருந்தான். என் ஆட்டத்துக்கு முன்னால் நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றான். கொஞ்சம் மெலிந்திருந்தான்.

"மேடம், ஒரு உதவி. அவ புது நம்பர் உங்ககிட்ட இருக்குங்களா?"

"எதுக்கு?"

"சாரி சொல்லோணுங்க. ஒருதடவ சொல்லிப்போட்டா எனக்கு மனசு லேசாயிருமுங்க."

அவன் நடிக்கவில்லை. கண் கலங்கித்தான் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது. "உன் மனசு லேசாகறதுக்கு அவ எதுக்கு? அவ நம்பரை மாத்துனதே நீ கூப்பிடக் கூடாதுன்னுதான்."

"அப்ப நான் என்ன பண்றதுங்க?"

"ஒண்ணும் பண்ணாத. கூப்பிடாத. அவ ஆடற கிரவுண்டுக்குப் போகாத. அவ ஆடட்டும்."

"அவளுக்குத் தெரியாமயே போயிருமுங்களே, நான் வருத்தப்பட்டது."

"போகட்டும்."

அவன் நின்றுகொண்டே இருந்தான். இப்படி ஒரு பதிலை அவனுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை என்று தெரிந்தது. கேட்டது எல்லாம் கிடைத்த பையன். கோச் தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். "என்னங்க கேட்டான்?"

"அவனையே கேளுங்க. இதுக்கும் நான்தான் பதில் சொல்லணுமா?"

கோச் அவன் தோளில் கை வைத்து, குளிர்பானக் கடை இருந்த மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இருவரும் நெடுநேரம் அங்கே நின்றார்கள். பெரும்பாலும் அவன்தான் பேசினான், அவர் தலையை இல்லை, இல்லை என்று ஆட்டிக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. என் ஆட்டத்துக்கு அணிகள் வந்துவிட்டன. முதல் ஃபவுலுக்கே ஒருவன், "அக்கா, கண்ணாடி போடுங்க" என்றான். அவனுக்கு டெக்னிக்கல் கொடுத்தேன்.